மூன்று தவறுகளிலிருந்து பதினொரு விதிகளுக்கு

ஈராண்டுகளுக்கு முன், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில், எங்கள் பங்கு இளைஞர் கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. இளைஞர் கேட்க விரும்புவதைத் தருவோம் என்றெண்ணி, விஜய் நடித்த ‘நண்பன்’ திரைப்படத்தின் கதையை எடுத்துக்கொண்டேன். மதிப்பெண்ணின் பின்னே ஓடாதீர்கள், அறிவை நாடுங்கள், மற்றவை தாமே வந்து சேரும் என்று அரை மணிநேரம் முழங்கினேன். நல்ல கைதட்டல். கூட்டம் கலைந்தபின் நாற்காலிகளை அடுக்க உதவிக்கொண்டிருந்த ஒரு மாணவன் அருகில் வந்தான். இரு பாடங்களில் தவறியவன் அவன் என்பது எனக்குத் தெரியும். “சாமி, அந்தப் படத்துல அவன்தானே எப்பவும் ஃபர்ஸ்ட் வருவான்?” என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் அடுத்த நாற்காலியைத் தூக்கச் சென்றுவிட்டான்.

அன்றிரவு என்னால் உறங்க இயலவில்லை. அவன் கேட்டது முற்றிலும் உண்மை. மதிப்பெண்ணை மதியாதவன் என்று நாம் கொண்டாடும் அக்கதாநாயகன், ஆண்டுதோறும் கல்லூரியில் முதல் மாணவன். வகுப்புப் புகைப்படத்தில் இயக்குநருக்குப் பக்கத்து நாற்காலி அவனுடையது. பின்வரிசை மூலையில் நிற்பவர்கள் அவனுடைய நண்பர்கள். இறுதியில் அவன் நானூறு காப்புரிமைகளுக்கு உரிய விஞ்ஞானியாக வெளிப்படுகிறான். ஏளனம் செய்தவன் அவனுடைய கையொப்பத்துக்காகக் காத்து நிற்கிறான். தோற்றவனுக்கு ஆறுதல் என்று நான் எடுத்துச் சென்றது வென்றவனின் கதை. அக்கதையின் மூலத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

‘நண்பன்’ 2012-இல் பொங்கலையொட்டி ஷங்கர் இயக்கத்தில் வெளியானது. அது ராஜ்குமார் ஹிரானி இயக்கி ஆமிர் கான் நடித்து 2009-இல் வெளிவந்த ‘த்ரீ இடியட்ஸ்’ இந்திப் படத்தின் தமிழாக்கம். அவ்விந்திப் படத்துக்கு வித்திட்டது சேத்தன் பகத் 2004-இல் எழுதிய ‘ஃபைவ் பாயிண்ட் சம்ஒன்’ என்னும் ஆங்கில நாவல். பகத் டெல்லி ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியலும், அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் மேலாண்மையும் பயின்றவர். ஹாங்காங்கில் முதலீட்டு வங்கியாளராகப் பணியாற்றியவர். 2009-இல் வங்கிப் பணியை விட்டு முழுநேர எழுத்தாளரானவர். ரூபா பதிப்பகம் அவருடைய நூல்களைத் தொண்ணூற்றைந்து ரூபாய்க்கு விற்றது. ஆங்கிலத்தைப் பள்ளியில் அரைகுறையாகக் கற்ற ஒரு தலைமுறை, முதன்முதலாக ஓர் ஆங்கில நாவலை அகராதியின்றிப் படித்து முடித்தது அவரால்தான். நடையழகு தேடுவோர் இவரிடம் ஏமாறுவர்; பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் காதலனின் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கே உயிர் பெறுகின்றனர். ஆயினும் படிக்காதவரைப் படிக்க வைத்தவரை எளிதில் தள்ளிவிடும் திறனாய்வில் எனக்கு உடன்பாடு இல்லை. ஞாயிறுதோறும் எளிய சொல்லைத் தேடித் திண்டாடும் எனக்கு அதன் அருமை தெரியும்.

‘த்ரீ இடியட்ஸ்’ வெளியானபோது ஒரு சச்சரவு எழுந்தது. நாவலாசிரியரின் பெயர் படத்தின் தொடக்கத்தில் வராமல், மக்கள் எழுந்து வெளியேறும் வேளையில் ஓடும் பட்டியலில் இடம்பெற்றது. 2010-இன் தொடக்கத்தில் நாளேடுகளும் தொலைக்காட்சிகளும் இதைப் பேசின. நாவலிலிருந்து எத்தனை விழுக்காடு எடுக்கப்பட்டது என்பதே வாதம். எடுக்காமல் விட்டது எது என்று கேட்டவர் அரியர்.

நாவலில் ஹரி, ஆலோக், ரயான் என மூன்று நண்பர்கள். பத்துக்கு ஐந்து என்ற அளவிலேயே தேங்கிவிடும் மதிப்பெண்காரர்கள். மூவருள் மேதை எவனும் இல்லை. ரயானுக்குச் சொந்தமாகச் சிந்திக்கும் ஆற்றல் உண்டு, அவ்வளவே. தம் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளும் ஆசையால் வினாத்தாளைத் திருடத் துணிகின்றனர். அதற்காக ஹரி, தான் நேசிக்கும் பேராசிரியர் மகளின் நம்பிக்கையையே ஏய்க்கிறான். அகப்படுகின்றனர். நோயுற்ற தந்தையும் திருமணமாகாத தமக்கையும் கொண்ட ஆலோக், அந்த அவமானத்தைத் தாங்காமல் கட்டடத்தின் உச்சியிலிருந்து குதிக்கிறான். எலும்புகள் முறிந்து உயிர் பிழைக்கிறான். கதை மூவரையும் பட்டம் வரை கொண்டு சேர்க்கிறது. ஆனால் ஐந்து ஐந்தாகவே இருக்கிறது. எவனும் மாறுவேடத்தில் மறைந்திருந்த மாமேதையாக வெளிப்படுவதில்லை.

திரைப்படத்திலும் திருட்டு உண்டு, குதிப்பும் உண்டு. ஆனால் இரண்டும் துலக்கப்பட்டுவிட்டன. அங்கே வினாத்தாள் திருடப்படுவது நலிந்த நண்பன் ஒருவனைக் காப்பாற்றுவதற்காக. சாவியை இயக்குநரின் மகளே மனமுவந்து தருகிறாள். நண்பன் குதிப்பதும் குற்றவுணர்வினால் அன்று; தோழனைக் காட்டிக்கொடு, இல்லையேல் வெளியேறு என்ற நெருக்கடியில், காட்டிக்கொடுக்க மனமின்றிக் குதிக்கிறான். நாவலில் பாவமாக இருந்தது திரையில் தியாகமாகிவிட்டது. பார்வையாளர் கண்ணீர் சிந்துகின்றனர். ஆனால் யாரும் மன்னிக்கப்பட வேண்டியதில்லை. மன்னிக்கப்பட வேண்டியவர் ஒருவர் மட்டுமே. அவர் அந்தக் கொடுங்கோல் இயக்குநர். நம் குற்றங்களையெல்லாம் ஏற்றிச் சுமக்க வைக்க ஒருவர் கிடைத்துவிட்டால் எவ்வளவு எளிது! பெற்றோரும் மாணவரும் பள்ளி நிர்வாகிகளும் அருகருகே அமர்ந்து அப்படத்துக்குக் கைதட்டினர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

கத்தோலிக்க வாசகர் கண்ணில் கட்டாயம் பட்டிருக்க வேண்டிய ஒரு பாத்திரமும் அந்த இந்திப் படத்தில் உண்டு. ஜாய் லோபோ. பெயரே அவன் நம் வீட்டுப் பிள்ளை என்று சொல்கிறது. கிட்டார் மீட்டிப் பாடுபவன். வானில் பறக்கும் ஒரு கருவியைச் செய்துகொண்டிருப்பவன். கெடு தவறியதால் பட்டம் மறுக்கப்படுகிறது; அவன் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். நாவலில் இப்பாத்திரம் இல்லை, திரைக்கதைக்காக உருவாக்கப்பட்டவன். கல்லறைத் தோட்டத்தில் அவனை அடக்கம் செய்கின்றனர். அங்கேயும் கதாநாயகன் பேசுகிறான். இது தற்கொலையன்று, கொலை என்று இயக்குநரிடம் வாதிடுகிறான். அதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் வாதம் முடிந்ததும் கதை மகிழ்ச்சிக்குத் திரும்பிவிடுகிறது. ஜாய் லோபோவின் மரணம் கதாநாயகனின் கருத்துக்கு ஒரு சான்றாகப் பயன்பட்டதோடு சரி.

இங்கே சற்றுத் தங்க விரும்புகிறேன். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அறிந்தும் மனமுவந்தும் தம்மை மாய்த்துக்கொண்டோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. கல்லறைத் தோட்டத்தின் சுவருக்கு வெளியே புதைக்கப்பட்டவர்களைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1983-இன் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இடம்பெறவில்லை. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு இன்னும் ஒருபடி சென்று, அத்தகையோரின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது, அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது என்று கற்பிக்கிறது. திருச்சபை தன் கடுமையைத் தளர்த்தி ஜாய் லோபோவைச் சுவருக்குள் கொண்டுவர நெடுங்காலம் ஆயிற்று. தேசியக் குற்றப் பதிவு ஆணையத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் இந்நாட்டில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரைப் போக்கிக்கொண்டனர். அவர்களுள் பலர் ‘த்ரீ இடியட்ஸ்’ படத்தையோ ‘நண்பன்’ படத்தையோ பார்த்துக் கைதட்டியவர்களாகத்தானே இருந்திருப்பர்?

பகத்தின் இரண்டாம் நாவல் 2005-இல் வந்த ‘ஒன் நைட் அட் த கால் சென்டர்’. இறையியல் பயின்றவனுக்கு இதைவிடச் சுவையான நூல் அவரிடம் இல்லை. ஏனெனில் இதில் கடவுளே தொலைபேசியில் பேசுகிறார். அழைப்பு மையத்தில் பணிபுரியும் அறுவர், நள்ளிரவில் தம் வாகனம் ஒரு கட்டடப் பள்ளத்தின்மேல் இரும்புக் கம்பிகளில் சிக்கித் தொங்கும் வேளையில், ஓர் அழைப்பைப் பெறுகின்றனர். வாழ்வில் வெற்றி பெற வேண்டியவை யாவை எனக் கடவுள் எடுத்துரைக்கிறார்: நடுத்தர அறிவு, கொஞ்சம் கற்பனை, தன்னம்பிக்கை, இவற்றோடு தோல்வியின் அனுபவம். வழிகாட்டிய கையோடு அழைப்பு முடிகிறது. சற்றே நகைப்புக்குரியதாயினும் இதில் தவறில்லை என்று படித்துக்கொண்டே போனேன். இறுதிப் பகுதியில்தான் அதிர்ந்தேன். கடவுள் பேசினார் என்பதை நம்ப இயலாதோர்க்கு மாற்று ஒன்று தரப்படுகிறது: அதே வேளையில், வாகனத்திலிருந்த வயதான ‘மிலிட்டரி அங்கிள்’ அவர்களுக்கு ஊக்கமூட்டிப் பேசினார் என்று வைத்துக்கொள்ளலாமாம். கதை எதையும் இழப்பதில்லை.

இதை நாவலாசிரியரின் குறை என்று சொல்ல மாட்டேன். அவருடைய நேர்மை என்பேன். கடவுளை எடுத்துவிட்டு ஒரு முதியவரை அமர்த்தினாலும் பேச்சு மாறவில்லையென்றால், அங்கே பேசியவர் தொடக்கத்திலிருந்தே ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர்தாம். எரியும் முட்செடியிலிருந்து மோசேயை அழைத்தவர் வெற்றிக்கு வழி சொல்லவில்லை. திக்குவாயன் என்று தயங்கியவனிடம், உன்னால் முடியும் என்று முதுகில் தட்டவும் இல்லை. உன்னோடு இருப்பேன் என்றார். இந்த வேறுபாடு நம் மறையுரைகளில் எத்தனை முறை மறைந்துபோகிறது! என் பழைய மறையுரைக் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். இயேசு என்ற பெயருக்குப் பதிலாக ‘மிலிட்டரி அங்கிள்’ என்று எழுதினாலும் பொருள் கெடாத பக்கங்கள் அவற்றில் குறைவில்லை. இந்நாவல் 2008-இல் ‘ஹலோ’ என்ற பெயரில் சல்மான் கானும் கத்ரீனா கைஃபும் தோன்றும் படமாக வந்தது. அதுபற்றிச் சொல்ல ஏதுமில்லை.

மூன்றாம் நாவலே அவருடைய சிறந்த நூல் என்பது என் கணிப்பு: 2008-இல் வந்த ‘த த்ரீ மிஸ்டேக்ஸ் ஆஃப் மை லைஃப்’. தலைப்பே ஒரு மனச்சான்று ஆய்வு. அகமதாபாத்தில் கடை நடத்தும் கோவிந்த், தூக்க மாத்திரைகளை விழுங்கியபடி, முன்பின் அறியாத எழுத்தாளருக்கு ஒரு மடல் அனுப்புகிறான். எழுத்தாளர் அவனைத் தேடிச் சென்று மருத்துவமனையில் அவன் கதையைக் கேட்கிறார். தன் தவறுகளை ஒருவன் சொல்ல, இன்னொருவர் பக்கத்தில் அமர்ந்து கேட்கும் இக்காட்சி நமக்கு அந்நியமானதன்று. பேராசையால் புதிய வணிக வளாகத்தில் பணத்தைக் கொட்டி, 2001-இன் குஜராத் நிலநடுக்கத்தில் இழந்தது முதல் தவறு. நண்பனின் தங்கையை அவனறியாமல் காதலித்தது இரண்டாவது. மூன்றாவதுதான் நம்மை உலுக்குவது. 2002 கலவரத்தின்போது கிரிக்கெட்டில் அரிய திறன் படைத்த அலி என்னும் இசுலாமியச் சிறுவனைக் கொல்ல ஒரு கும்பல் பாய்கிறது. அவனைக் காக்க வேண்டிய கணத்தில் கோவிந்த் ஒரு நொடி தயங்குகிறான். ஒரே நொடி. சிறுவனின் மணிக்கட்டு நொறுங்குகிறது. நண்பர்களுள் ஓமி உயிரிழக்கிறான்; இஷான் அந்தத் தயக்கத்தைக் கண்டுவிட்டதால் கோவிந்தோடு பேசுவதையே நிறுத்திவிடுகிறான்.

யாரும் தண்டிக்க இயலாத குற்றம் அது. சட்டத்தில் அதற்குப் பெயர் இல்லை. முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுருவின் கணம் அது. வெகுசன நாவல் ஒன்று மனச்சான்றின் இத்தனை ஆழத்துக்கு இறங்கியதை நம் திறனாய்வாளர் போதிய அளவு கவனிக்கவில்லை.

அபிஷேக் கபூர் இயக்கத்தில் 2013-இல் ‘காய் போ சே’ என இது படமாயிற்று. சுஷாந்த் சிங் ராஜ்புத், ராஜ்குமார் ராவ், அமித் சாத் மூவரும் நன்கு நடித்த, பகத் கதைகளிலிருந்து பிறந்த படங்களில் மிகச் சிறந்த படம் அது. பழிவெறியில் ஓமி சுட்ட குண்டு தன் நண்பன் இஷான்மீதே பாய்கிறது. சிறையிலிருந்து மீளும் ஓமி, இந்திய அணிக்காக ஆடும் அலியைப் பார்க்கும் இறுதிக் காட்சியில் என் கண்கள் நனைந்தன. ஆனால் கோவிந்தின் தயக்கம் படத்தில் இல்லை. மாத்திரைகளும் இல்லை, எழுத்தாளருக்கு மடலும் இல்லை. நாவலில் தன்னைக் குற்றவாளியென்று அறிக்கையிட்டவன், திரையில் துயரத்தின் நல்ல சாட்சியாக மட்டும் எஞ்சுகிறான். பெரிய பாவம் பெரிய பாவியிடம் போய்விட்டது. நடுத்தர மனிதனின் ஒரு நொடிக் கோழைத்தனம் மறைந்துவிட்டது. திரைக்கதை எழுதியோரில் பகத்தும் ஒருவர். ஃபிலிம்ஃபேர் விருதையும் பகிர்ந்துகொண்டார். எனவே பிறர் சிதைத்தார்கள் என்று இங்கே சொல்ல வழியில்லை.

மயிலாப்பூர்ப் பெண்ணையும் பஞ்சாபி இளைஞனையும் வைத்து 2009-இல் எழுதிய ‘டூ ஸ்டேட்ஸ்’ பற்றித் தமிழர் சிலர் மனம் வருந்தினர். நம்மைப் பற்றிய அதன் கேலியில் பாதி மேம்போக்கானது. மீதிப் பாதிக்கு நாம் சிரித்துவிட்டுப் போகலாம். காதல் கதைக்கு அடியில் தந்தை மகன் கதை ஒன்று ஓடுகிறது. மனைவியை அடித்தும் மகனைச் சிறுமைப்படுத்தியும் வாழ்ந்த தந்தை, மகனிடம் சொல்லாமல் டெல்லியிலிருந்து சென்னைக்குப் போய், பெண்ணின் பெற்றோரிடம் அவனுக்காக மன்றாடுகிறார். தொலைநாட்டுக்குச் சென்ற மகனை எதிர்பார்த்திருந்த தந்தையின் உவமையை அறிவோம். இங்கே தந்தையே தொலைநாடு செல்கிறார். 2014-இல் வந்த படம் இதைக் கெடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2014-இல் நாவலாகவும் 2017-இல் படமாகவும் வந்த ‘ஹாஃப் கேர்ள்ஃபிரண்ட்’டில், ஆங்கிலம் வராத பீகார் இளைஞனின் கூச்சம் மட்டும் மெய்யானது.

இனி மேடைக்கு வருவோம். 2008-இல் புனேயின் சிம்பயோசிஸ் நிறுவன மாணவர்களிடம் பகத் ஆற்றிய ‘ஸ்பார்க்ஸ்’ என்னும் உரை பரவலாகப் படிக்கப்பட்டது. நம் ஒவ்வொருவர் உள்ளும் உள்ள பொறியைப் பேணுதல் பற்றியது அது. ஏமாற்றம், சலிப்பு, அநீதி, தனிமை ஆகியவற்றை அப்பொறியை அணைக்க வரும் புயல்களாகக் காட்டுகிறார். மழலைப் பள்ளியில் வாயில் கவ்விய கரண்டியில் கோலிக்குண்டை ஏந்தி ஓடும் பந்தயத்தைச் சுட்டி, குண்டு விழுந்தபின் முதலில் வந்து என்ன பயன் என வினவுகிறார். உடல்நலம், உறவு, மனஅமைதி இவற்றையெல்லாம் இழந்து பெறும் வெற்றி வெற்றியன்று என்கிறார். நல்ல உரை, நான் ஆற்றிய பல உரைகளைவிட நல்லது. அந்த உரையிடம் எனக்குள்ள கேள்வி ஒன்றே. குண்டு விழுந்துவிட்டவனுக்கு என்ன சொல்வது? எல்லாரும் ஓடி முடித்துவிட்ட திடலில் குனிந்து நின்று தேடிக்கொண்டிருப்பவனுக்கு?

2024-இல் அவர் வெளியிட்ட நூல் வாழ்க்கைக்கான பதினொரு விதிகளைத் தருகிறது. காதலில் தோற்ற உணவு விநியோக இளைஞன் ஒருவனுக்கு அறிவுரை கூறும் பாங்கில் அமைந்தது. நாவலாசிரியரின் பயணத்தை இவ்விரு நூல்களே அளந்துவிடுகின்றன: முப்பத்து நான்கு வயதில் மூன்று தவறுகள், ஐம்பதில் பதினொரு விதிகள். முன்னதில் எழுத்தாளர் நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து கேட்டார். பின்னதில் துயருற்ற இளைஞன் கேட்க, எழுத்தாளர் பேசுகிறார்.

ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தினார் எதிர்த்து நின்ற பெலாஜியுஸ் ஒழுக்கமற்றவர் அல்லர். உரோமைக் கிறிஸ்தவர்களின் சோம்பலைக் கண்டு வெகுண்டு, உன்னால் இயலும், எழுந்து நட என்று ஊக்கிய கடுந்தவத்தோர். அவருடைய போதனையைக் கேட்டுப் பலர் திருந்தியிருப்பர். ஆயினும் 418-இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் அதை மறுத்தனர். இயலாதவனுக்கு அப்போதனையில் இடமே இல்லை என்பதை, தானே இயலாதவனாய்ப் பல ஆண்டுகள் உழன்ற அகுஸ்தினார் அறிந்திருந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2018-இல் ‘மகிழ்ந்து பேருவகை கொள்ளுங்கள்’ என்ற மடலில் இப்பழைய தப்பறை நம்மிடையே புது வேடத்தில் உலவுவதைச் சுட்டியதைக் குருக்களாகிய நாங்கள் படித்தோம். படித்துவிட்டு அடுத்த மாதமே இளைஞர் மாநாட்டுக்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரைத் தேடினோம். பகத்தைக் குறைசொல்ல எனக்கு உரிமை குறைவு. அவர் ஒப்புரவு அருட்சாதனத்தை நிறைவேற்றப் பொறுப்பேற்றவர் அல்லர். நான் அப்பொறுப்பேற்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

அந்த மாணவன் துணைத்தேர்வில் ஒரு பாடத்தில் தேறினான். மற்றொன்றில் மீண்டும் தவறி, மறு ஆண்டுதான் தேறினான். இவ்வாண்டு அதே கூட்டத்தில் மீண்டும் பேசும் முறை வந்தது. ‘நண்பனை’ விட்டுவிட்டு, ஆலோக்கின் கதையையும் கோவிந்தின் ஒரு நொடியையும் நாவல்களில் உள்ளபடியே சொன்னேன். கைதட்டல் ஏதுமில்லை. அன்று மாலை பேச வேண்டும் என்று மூவர் தனித்தனியே வந்தனர். அவர்களுள் ஒருத்தி பள்ளியில் முதல் மதிப்பெண் பெற்றவள்.